பிழையே சாட்சி: ‘ரெக் ஆஃப் தி ஓல்டு 97’ பாட்டின் மூலமும் இசைத்தட்டு வரலாறும்

நாட்டார் பாட்டு ஒன்றைக் கட்டியவர் யார் என்று கேட்டால், ‘ஊரார் கட்டியது’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது வழக்கம். அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த ஒரு ரயில் விபத்துப் பாட்டின் விஷயத்தில் அப்படிப் போக முடியவில்லை. அந்தப் பாட்டு இசைத்தட்டாகிப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. விற்ற பணத்தில் தனக்குப் பங்கு உண்டு என்று ஒருவர் வழக்குப் போட்டார். வழக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நடந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஒருவர் கூண்டில் ஏறிப் பாடபேதங்களைப் பற்றிச் சாட்சி சொன்னார்.

‘ரெக் ஆஃப் தி ஓல்டு 97’ என்பது பாட்டின் பெயர். ‘பழைய 97-இன் விபத்து’ என்று பொருள் கொள்ளலாம். கன்ட்ரி இசை என்று இன்று உலகம் அறிந்த வகையின் தொடக்ககாலப் பெருவெற்றி இது. இந்தப் பாட்டைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்கப்பட்டு வந்திருக்கின்றன. நடந்தது என்ன? மெட்டு யாருடையது? சொற்கள் யாருடையவை? இசைத்தட்டு அவற்றை என்ன செய்தது? இந்நான்கையும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பாட்டின் வரலாற்றை நமக்குக் காட்டிக்கொடுப்பவை அதன் நல்ல வரிகள் அல்ல. காதில் பிசகி, வாயில் மாறிய அதன் பிழைகளே.

விபத்து

1903 செப்டம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. சதர்ன் ரயில்வே கம்பெனியின் 97-ஆம் எண் விரைவுத் தபால் ரயில் வாஷிங்டனிலிருந்து அட்லாண்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் மன்ரோ நிலையத்துக்கு வரும்போதே ஒரு மணி நேரம் தாமதம். அங்கே வண்டி ஊழியர்கள் மாறினார்கள். இன்ஜினை ஜோசப் பிராடி ஏற்றுக்கொண்டார். ‘ஸ்டீவ்’ என்று கூப்பிடப்பட்ட அவருக்கு வயது 33.

மன்ரோவிலிருந்து வட கரோலினாவின் ஸ்பென்சர் வரை 166 மைல். கால அட்டவணை அதற்குக் கொடுத்திருந்தது நான்கேகால் மணி நேரம். மணிக்குச் சராசரி 39 மைல் ஓடினால் போதும். இழந்த ஒரு மணி நேரத்தை ஈடுகட்ட வேண்டுமானால் மூன்றேகால் மணியில் போய்ச் சேரவேண்டும். சராசரி 51 மைலாக உயரவேண்டும். சமவெளியில் இது பெரிய காரியமில்லை. அந்தத் தடமோ மேடும் பள்ளமும் குறுகிய வளைவுகளுமாக அமைந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கைப் பலகைகள் வழியெங்கும் நின்றன.

டான்வில் நகரை நெருங்கும் இடத்தில் ஓர் இறக்கம். இறக்கத்தின் அடியில் வளைவு. வளைவை ஒட்டி 45 அடி உயரத்தில் ஸ்டில்ஹவுஸ் பாலம். பிராடியால் வேகத்தை அடக்க முடியவில்லை. இன்ஜினும் நான்கு பெட்டிகளும் தண்டவாளத்தை விட்டுப் பள்ளத்தில் பாய்ந்தன. மரப்பெட்டிகள் சிதறித் தீப்பிடித்தன. 11 பேர் இறந்தார்கள். 7 பேர் காயமடைந்தார்கள். பிராடியும் இறந்தவர்களில் ஒருவர். சரக்கில் தப்பியது கொஞ்சம்தான். அதில் கேனரிக் குருவிகள் இருந்த ஆறு கூடைகளும் அடக்கம். உடைந்த கூடைகளிலிருந்து அந்தக் குருவிகள் பறந்து போய்விட்டன. எந்தப் பாட்டுக்காரரும் விரும்பக்கூடிய இந்தக் காட்சி, பிரபலமான பாட்டு வடிவத்தில் இடம்பெறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

பழி யார்மேல்? கம்பெனி பிராடியைக் குற்றம் சாட்டியது. மணிக்கு 70 மைலுக்கு மேல் ஓட்டினார் என்றது. நேரில் கண்ட சிலர் 50 மைல் அளவில்தான் இருந்தது என்றார்கள். கம்பெனிக்கும் அமெரிக்கத் தபால் துறைக்கும் இடையே ஆண்டுக்கு 1,40,000 டாலர் ஒப்பந்தம் இருந்தது. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அபராதம் என்ற விதியும் அதில் இருந்தது. இறந்துபோன டிரைவர் பதில் சொல்ல வரமாட்டார். அபராதப் பட்டியலை அவர் எழுதவும் இல்லை.

விழுந்த இன்ஜின் எண் 1102. அதைத் தூக்கி எடுத்துப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள். 1935-இல்தான் அது உடைக்கப்பட்டது. தபால் ரயிலோ 1902 இறுதியில் தொடங்கி 1907 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. விபத்து நடந்தபோது அந்தச் சேவைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அதை ‘பழைய 97’ ஆக்கியது பாட்டு. உரிமையோடு கூப்பிடும் ‘பழைய’ அது. வயதைச் சொல்லும் சொல்லல்ல.

மெட்டு

நான்கு கேள்விகளில் விடை எளிதாகக் கிடைப்பது மெட்டுக்குத்தான். ஹென்றி க்ளே வொர்க் என்பவர் 1865-இல் வெளியிட்ட ‘தி ஷிப் தட் நெவர் ரிட்டர்ன்டு’ என்ற பாட்டின் மெட்டு இது. திரும்பி வராத கப்பலைப் பற்றிய சோகப் பாட்டு அது. வொர்க் அந்தக் காலத்தின் பேர்பெற்ற பாட்டுக்காரர். உள்நாட்டுப் போரின் வெற்றிப் பாட்டான ‘மார்ச்சிங் த்ரூ ஜார்ஜியா’வும், ‘மை கிராண்ட்ஃபாதர்ஸ் கிளாக்’கும் அவருடையவை. அவர் 1884-இல் காலமானார். 97-ஆம் எண் ரயிலை அவர் அறிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அந்தக் காலத்துப் பாட்டு வியாபாரத்தில் மெட்டு ஊர்ச்சொத்து மாதிரி. அச்சிட்ட இசைத்தாள் நகரத்து வரவேற்பறைகளுக்குப் போனது. அங்கிருந்து மெட்டு மட்டும் தாளை விட்டுக் கழன்று வயல்களுக்கும் ஆலைகளுக்கும் இறங்கியது. கிராமத்துப் பாடகர்கள் அதில் தங்களுக்கு வேண்டிய செய்தியை ஏற்றினார்கள். கப்பல் ரயிலாயிற்று. ‘திரும்பி வராத ரயில்’ என்ற வடிவமும் தென்மாநிலங்களில் புழங்கியிருக்கிறது. நம் ஊர்ச் சந்தைகளில் காலணாவுக்கு விற்ற விபத்துச் சிந்துகளையும் கொலைச்சிந்துகளையும் அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. தெரிந்த மெட்டில் புதிய துயரத்தைச் சொன்னால், கேட்பவர் மெட்டைக் கற்க வேண்டியதில்லை. துயரத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.

பழைய மெட்டு தன்னோடு வேறொன்றையும் கொண்டுவந்தது. திரும்பி வராத கப்பலுக்காகக் காத்திருப்போர் கரையில் நிற்கிறார்கள். விபத்துப் பாட்டின் முடிவிலும் பிரிவும், வீட்டிலிருக்கும் பெண்களுக்கு ஒரு புத்திமதியும் வருகின்றன: கணவரிடமோ காதலரிடமோ கடுஞ்சொல் பேசாதீர்கள், போனவர் திரும்பாமல் போகலாம் என்று. பிராடியின் வாழ்க்கைக்கும் இந்த அறிவுரைக்கும் சம்பந்தம் தேடிக் களைத்துப் போகத் தேவையில்லை. அது விபத்திலிருந்து வந்ததல்ல. கப்பல் பாட்டின் உணர்ச்சியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது.

சொற்களுக்கு உரிமை கோரியவர்கள்

சொற்களிடம் வரும்போதுதான் சிக்கல். விபத்து நடந்த சில காலத்திலேயே டான்வில் வட்டாரத்தில் அதைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் உலவின என்று கருத இடமுண்டு. அவற்றில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஃப்ரெட் லூயி, சார்லஸ் நோயல். இறந்த ஃபயர்மேன்களில் ஒருவரான ஆல்பியன் கிளாப் தம் உறவினர் என்று லூயி சொன்னார். விபத்துக்கு மறுநாளே பாட்டுக் கட்டத் தொடங்கியதாகவும் சொன்னார். நோயல் அதே மெட்டில் தம் பங்குக்குச் சேர்த்தும் திருத்தியும் பாடிவந்தார். இருவரும் பேர்பெற்ற கவிஞர்கள் அல்லர். அந்த வட்டாரத்து உழைக்கும் மக்கள். பாட்டு அவர்கள் வாயிலிருந்து பிற வாய்களுக்குப் போனது. போகும் வழியில் வரிகள் உதிர்ந்தன, சேர்ந்தன.

இந்த இருவரும் பணத்துக்காகப் பின்னாளில் கதை கட்டினார்களா என்று சந்தேகிக்கலாம். அதைத் தீர்க்க ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் என்ற அறிஞர் 1923 முதல் ‘அட்வென்ச்சர்’ பத்திரிகையில் பழம்பாடல்களுக்காக ஒரு பத்தி நடத்தினார். வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டுகளை எழுதி அனுப்புவார்கள். பிறகு அவரே தென்மாநிலங்களில் அலைந்து பாட்டுச் சேகரித்தார். 97 பாட்டின் மூலத்தைத் தேடி வட கரோலினாவுக்குப் போய் லூயியையும் நோயலையும் விசாரித்துக் குறிப்பெடுத்தார். இது வழக்கு எழுவதற்கு முந்தைய வேலை. 1928-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் நாட்டார் பாடல் ஆவணக்காப்பகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் கார்டன்தான்.

ஆலைத் தொழிலாளியின் தட்டு

பாட்டை முதலில் இசைத்தட்டில் ஏற்றியவர் ஹென்றி விட்டர். வர்ஜீனியாவின் ஃப்ரைஸ் என்ற சிற்றூரில் பஞ்சாலைத் தொழிலாளி. கிட்டார் மீட்டிக்கொண்டே, கழுத்தில் மாட்டிய சட்டத்தில் ஹார்மோனிகாவை வைத்து ஊதிப் பாடுவார். குரல் மூக்கில் ஒலிக்கும். அதை இனிமையானது என்று அவருடைய ரசிகர்களும் சொன்னதில்லை.

1923-இல் விட்டர் தாமாகவே நியூயார்க்குக்குப் போய் ஓகே இசைத்தட்டுக் கம்பெனியின் கதவைத் தட்டினார். அப்போது அவர் பாடியதைக் கேட்டவர்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் அந்தக் கம்பெனியின் ரால்ஃப் பீர் அட்லாண்டாவில் ஃபிட்லிங் ஜான் கார்சன் என்ற வயலின்காரரைப் பதிவு செய்தார். நகரத்துக் காதுக்குக் கரடாகப் பட்ட அந்தத் தட்டு தெற்கில் வேகமாக விற்றது. கிராமத்தாரும் கிராமபோன் தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிக்கு அப்போதுதான் உறைத்தது. விட்டரைத் திரும்ப அழைத்தார்கள். 1923 டிசம்பரில் பாட்டு பதிவாகி, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வெளியாயிற்று. தட்டில் பாட்டின் பெயர் ‘தி ரெக் ஆன் தி சதர்ன் ஓல்டு 97’. மறுபக்கத்தில் ‘லோன்சம் ரோடு புளூஸ்’.

பிற கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. கொலம்பியாவுக்கு எர்னஸ்ட் தாம்சன் பாடினார். வொக்காலியனுக்கு ஜார்ஜ் ரெனோ. இருவரும் பார்வையற்ற தெருப்பாடகர்கள். ரெனோ பேரில் வந்த தட்டில் பாடிய குரல் ஜீன் ஆஸ்டினுடையது. ஒரே ஆண்டில் ஒரு விபத்துப் பாட்டு இத்தனை கம்பெனிகளின் பட்டியலில் ஏறியது. விபத்து நடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்தி பழசு, தட்டு புதுசு.

டால்ஹார்ட்டின் காது

அடுத்து வருபவர்தான் பாட்டை நாடெங்கும் கொண்டுபோனவர். டெக்சஸ் மாநிலத்தின் ஜெஃபர்சனில் 1883-இல் பிறந்த மேரியன் டிரை ஸ்லாட்டர், அந்த மாநிலத்தின் இரண்டு ஊர்ப்பெயர்களைச் சேர்த்து வெர்னன் டால்ஹார்ட் என்று மேடைப் பெயர் வைத்துக்கொண்டார். நியூயார்க்கில் இசைநாடகங்களில் பாடிப் பயின்ற குரல் அவருடையது. 1910-களின் இறுதியிலிருந்து பல கம்பெனிகளுக்குப் பல வகைப் பாட்டுகளைப் பாடிவந்தார். 1924-இல் அவருக்கு மவுசு குறைந்திருந்தது.

அந்த ஆண்டு எடிசன் கம்பெனிக்காக 97 பாட்டைப் பாடினார். அவர் கையில் எழுத்துப் பிரதி இல்லை. விட்டரின் தட்டைப் போட்டுக் கேட்டுச் சொற்களை எடுத்தார். விட்டரின் மலைநாட்டு உச்சரிப்பும் பழைய பதிவுமுறையின் இரைச்சலும் சேர்ந்ததில் சில சொற்கள் பிடிபடவில்லை. பிடிபடாத இடங்களில் தம் காதுக்கு எட்டியதை வைத்துப் பாடிவிட்டார். வரலாற்றில் இது சிறிய அலட்சியம். அதன் விளைவு பின்னால் தெரியும்.

பிறகு விக்டர் கம்பெனியை இணங்கவைத்து, 1924 ஆகஸ்டில் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தார். கிட்டார் வாசித்தவர் கார்சன் ராபிசன். தட்டின் மறுபக்கத்துக்கு ‘தி பிரிசனர்ஸ் சாங்’ என்ற சிறைப்பாட்டு. உறவினர் கை மாஸி பேரில் டால்ஹார்ட் அதற்குப் பதிப்புரிமை பெற்றார். விக்டர் 19427 என்ற அந்தத் தட்டு, கன்ட்ரி இசையில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் தட்டு என்று பெயர் பெற்றது. 50 லட்சம் என்றும் 70 லட்சம் என்றும் எழுதுவோர் உண்டு. அந்த எண்களை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். டால்ஹார்ட் இதே பாட்டைப் பல கம்பெனிகளுக்குப் பல பெயர்களில் பாடியிருக்கிறார். கூட்டுக்கணக்கு எளிதில் ஊதிப் பெருகும். அதோடு, தட்டுக்கு இரண்டு பக்கம். ரயிலுக்காக வாங்கினார்களா, சிறைப்பாட்டுக்காக வாங்கினார்களா என்று கடைக்காரர் கேட்டு எழுதவில்லை. சிறைப்பாட்டின் ஈர்ப்பே அதிகம் என்று பலர் கருதுகிறார்கள்.

வானொலி வந்து தட்டு விற்பனை சரிந்துகொண்டிருந்த வேளை அது. இந்த வெற்றியைப் பார்த்த கம்பெனிகள் ‘சம்பவப் பாட்டு’களின் பின்னால் ஓடின. 1925-இல் கென்டக்கிக் குகையில் சிக்கி இறந்த ஃப்ளாய்டு காலின்ஸ் பற்றிய பாட்டு அதே ஆண்டு தட்டாகிவிட்டது, பாடியவர் டால்ஹார்ட். விபத்துக்கும் பாட்டுக்கும் இடையே இருபது ஆண்டு காத்திருந்த காலம் போய், சில மாதங்கள் போதும் என்றாயிற்று. டால்ஹார்ட்டின் வாழ்வு அந்த உயரத்தில் நிற்கவில்லை. 1948-இல் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இறந்தபோது அவர் ஒரு ஹோட்டலில் இரவுநேர எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1981-இல்தான் கன்ட்ரி இசையின் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

வழக்கு

1927-இல் ரிச்மண்ட் நகரப் பத்திரிகை ஒன்றில் இந்தப் பாட்டின் மூலம் பற்றிய பேச்சு எழுந்தது. அதைப் படித்த டேவிட் கிரேவ்ஸ் ஜார்ஜ், பாட்டைக் கட்டியது நான்தான் என்று முன்வந்தார். டான்வில்லுக்கு வடக்கேயுள்ள ஊரைச் சேர்ந்தவர், ரயில்வேயில் பிரேக்மேனாகவும் தந்தி ஊழியராகவும் இருந்தவர், பாடவும் தெரிந்தவர். விபத்து நடந்த இடத்துக்கு உடனே போய்ப் பார்த்ததாகவும், பார்த்ததைப் பாட்டாக எழுதியதாகவும் சொன்னார். ஆதாரமாகக் கையெழுத்துப் பிரதியையும் காட்டினார். விக்டர் கம்பெனிமேல் நியூஜெர்சியில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

1933 மார்ச்சில் நீதிபதி ஜான் பாய்ட் ஏவிஸ், ஜார்ஜே ஆசிரியர் என்று தீர்ப்பளித்தார். விக்டர் மேல்முறையீடு செய்தது. 1934-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. ஜார்ஜ் உச்ச நீதிமன்றம் போனார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் பாட்டை யார் எழுதினார் என்பதற்குள் அது போகவே இல்லை. விக்டர் மேல்முறையீட்டைக் காலக்கெடு தாண்டித் தாக்கல் செய்தது என்பதே காரணம். வழக்கு கீழே திரும்பியது. கணக்குப் பார்த்து, ஜார்ஜுக்கு 65,000 டாலருக்குச் சற்று மேல் தரவேண்டும் என்று முடிவாயிற்று. விக்டர் மறுபடி மேலே போனது, இம்முறை காலத்தோடு. 1939-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் விக்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. ஜார்ஜுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

தீர்ப்பைத் திருப்பியது எது? இங்கேதான் டால்ஹார்ட்டின் காது சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. விக்டர் தரப்பில் கார்டன் சாட்சி சொன்னார். விட்டரின் வடிவம், டால்ஹார்ட்டின் வடிவம், ஜார்ஜின் பிரதி ஆகியவை அருகருகே வைத்துப் பார்க்கப்பட்டன. டால்ஹார்ட் தவறாகக் கேட்டு மாற்றிய சொற்கள் ஜார்ஜின் பிரதியில் அப்படியே இருந்தன. 1903-இல் எழுதியதாகச் சொன்ன பிரதியில் 1924-இல் பிறந்த பிழை எப்படி வரும்? தட்டைப் போட்டுக் கேட்டு எழுதினால்தான் வரும்.

ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு இந்த வாதம் நன்றாகப் பழகியது. இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்துப்போனால் அதிலிருந்து எதையும் நிறுவ முடியாது. சரியானது எங்கும் சரியாகவே இருக்கும். ஒரே பிழையில் ஒத்துப்போனால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது அல்லது இரண்டும் ஒரு தாயேட்டின் பிள்ளைகள். பிழைதான் குலம் சொல்லும். ஓலைக்குச் சொன்ன இலக்கணம் அரக்குத் தட்டுக்கும் பொருந்தியது.

ஜார்ஜ் பொய்யர் என்று முடித்துவிடுவது எளிது. அவர் அந்த ஊர்ப்பக்கத்து மனிதர். விபத்தைப் பற்றிய ஏதோ ஒரு பாட்டை அவர் பாடியும் இருக்கலாம், கட்டியும் இருக்கலாம். ஊரில் பலர் பாடிய காலத்தில் ‘என் பாட்டு’ என்ற நினைப்பு பலருக்கும் நேர்மையாகவே இருந்திருக்கும். சட்டம் அவரிடம் கேட்டது வேறு: டால்ஹார்ட் பாடிய இதே சொற்கள் உன்னுடையவையா? அதற்கு அவர் பிரதியே எதிர்சாட்சி ஆகிவிட்டது.

பாட்டு சொல்வதும் நடந்ததும்

பாட்டை விபத்து அறிக்கையாகப் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வேகத்தை மணிக்கு 90 மைல் என்கிறது பாட்டு. கம்பெனியே அவ்வளவு சொல்லவில்லை. டிரைவர் த்ராட்டிலில் கைவைத்தபடி, நீராவியில் வெந்து கிடந்தார் என்கிறது. அமெரிக்க ரயில் பாட்டுகளில் டிரைவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இறக்கிறார்கள். மரபு கொடுத்த சாவு அது.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் தனியாக நிறையப் பேசியிருக்கிறார்கள். இறக்கத்தில் டிரைவர் எதையோ இழந்தார் என்று பாட்டு சொல்கிறது. சில வடிவங்களில் இழந்தது ‘ஏர்பிரேக்’. டால்ஹார்ட் வழி வந்தவற்றில் ‘ஆவரேஜ்’. ஆங்கில உச்சரிப்பில், அதுவும் இரைச்சலுக்கு நடுவே, இரண்டும் காதுக்கு அருகருகே நிற்பவை. பொருளோ வெகு தூரம். ஏர்பிரேக் என்றால் பழி இயந்திரத்தின் பக்கம் சாயும். இறக்கத்தில் அடுத்தடுத்துப் பிரேக் போட்டால் காற்றழுத்தம் குறைந்துவிடும். மறுபடி ஏற நேரம் வேண்டும். அதற்குள் வண்டி கைமீறிவிடும். ஆவரேஜ் என்றால் கணக்கின் பக்கம் சாயும்: மணிக்கு இத்தனை மைல் என்ற சராசரியைக் காப்பாற்ற முடியவில்லை என்று ஆகும். 39-ஐ 51 ஆக்கச் சொன்ன அட்டவணையை நினைத்தால், தவறாகக் கேட்ட சொல்லில்கூட ஓர் உண்மை ஏறிக்கொண்டது போலத் தோன்றுகிறது.

பாட்டு ஒரு விஷயத்தில் அறிக்கையைவிட நேர்மையாக இருக்கிறது. மன்ரோவில் உத்தரவு வாங்குவதிலிருந்து அது தொடங்குகிறது: வண்டி தாமதம், ஸ்பென்சருக்கு நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கம்பெனி அறிக்கையில் டிரைவரின் வேகம்தான் முதற்காரணம். பாட்டில் அந்த வேகத்துக்கும் முன்னால் ஓர் உத்தரவு நிற்கிறது. யார் கட்டியிருந்தாலும், அந்த முதல் காட்சியை அவ்விடத்தில் வைத்தவருக்கு வேலை என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

பிறகு

1927-இல் ஜார்ஜியாவின் ஸ்கில்லட் லிக்கர்ஸ் குழு வயலின்கள் முழங்கப் பதிவு செய்தது. உடி கத்ரி பாடினார். ஜானி கேஷ் 1957-இல் தம் முதல் ஆல்பத்தில் சேர்த்தார்; 1969-இல் சான் குவென்டின் சிறையில் கைதிகளுக்கு முன் பாடிய ஆல்பத்திலும் அது இருக்கிறது. சிறைப்பாட்டின் மறுபக்கமாகப் பிறந்த தட்டு, நாற்பத்தைந்து ஆண்டுகளில் சிறைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

மெட்டு இன்னொரு வழியிலும் நடந்தது. 1949-இல் பாஸ்டன் மேயர் தேர்தலில் வால்டர் ஓபிரையன் என்ற வேட்பாளர் ரயில் கட்டண உயர்வை எதிர்த்துப் போட்டியிட்டார். அவருடைய பிரசாரத்துக்காக ஜாக்குலின் ஸ்டைனரும் பெஸ் லோமாக்ஸ் ஹாஸும் ஒரு கேலிப்பாட்டு எழுதினார்கள்: இறங்கக் கொடுக்க வேண்டிய கூடுதல் ஐந்து சென்ட் இல்லாமல் சுரங்க ரயிலிலேயே காலமெல்லாம் சுற்றும் சார்லி என்பவனின் கதை. ஓபிரையன் தோற்றார், பாட்டு பிழைத்தது. 1959-இல் கிங்ஸ்டன் டிரியோ அதை நாடறியச் செய்தது. பெஸ்ஸின் தந்தை ஜான் லோமாக்ஸ். கார்டனுக்குப் பின் நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் பாடல் காப்பகத்தைக் கவனித்தவர் அவர்தான்.

இந்தப் பரம்பரையை முழுமையாக ஆராய்ந்தவர்களில் நார்ம் கோஹன் முதன்மையானவர். ரயில் பாட்டுகளைப் பற்றி 1981-இல் வெளிவந்த அவருடைய ‘லாங் ஸ்டீல் ரெயில்’ இன்றும் துறையின் ஆதாரநூல். லூயி, நோயல், விட்டர் என்று மூவர் பெயரும் சேர்த்து எழுதும் வழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. அதுவே ஓர் ஒப்புதல் வாக்குமூலம்: ஒருவர் பெயர் போதாது.

முடிவு

மெட்டு வொர்க்கினுடையது. சொற்களின் முதற்கட்டு, கிடைத்த சான்றுகளின்படி, லூயி, நோயல் இருவரின் பக்கமே சாய்கிறது. பாடும் முறையைத் தட்டுக்குள் கொண்டுவந்தவர் விட்டர். உலகம் மனப்பாடம் செய்த வடிவம் டால்ஹார்ட்டின் காதுக்குப் பட்டது. ஜார்ஜின் உரிமை நிற்கவில்லை. வாய்மொழியில் இப்படிப் பலர் கைபட்டு வளர்வது இயல்பு. எவரும் கணக்குக் கேட்பதில்லை. தட்டு வந்ததும் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. பாட்டுக்கு விலை வந்ததால் ‘யாருடையது’ என்ற கேள்வி பிறந்தது. பாட்டு ஒரே வடிவத்தில் உறைந்துபோனதால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தடயமும் கிடைத்தது. வாயில் மாறும் பிழை அடுத்த வாயில் மறைந்துவிடும். தட்டில் விழுந்த பிழை அங்கேயே இருந்து சாட்சி சொல்லும்.

நாட்டார் பாடல்களைத் தொகுப்போர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. பாடகர் தடுமாறிய சொல்லை, பொருள் புரியாத சொல்லை, ‘பிழை’ என்று திருத்தி அச்சிடாதீர்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதி, யாரிடம், எந்த நாளில் கேட்டது என்று அருகில் குறித்துவையுங்கள். கார்டன் செய்தது அவ்வளவுதான். டான்வில்லில் அந்தப் பாலம் இன்று இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நினைவுப்பலகை நிற்கிறது. பாஸ்டனில் 2006 முதல் ரயிலேறுவோர் கையிலிருக்கும் பயண அட்டைக்கு, அதே மெட்டில் பாடப்பட்ட சார்லியின் பெயர்.